உன் பெரியவாப்பாவைக் கடல் கொண்டுபோகவில்லை

என் மகனே, அவனோடு சேர்ந்து இதைக் கேட்க வேண்டிய என் ஊரவரே, கடற்கரைத் தெருவிலும் வயற்கரைத் தெருவிலும் பிள்ளை பெற்று வளர்க்கும் வாப்பாமாரே, உம்மாமாரே, உங்கள் அனைவர்மீதும் இறைவனின் அமைதி நிலவட்டும். வாழ்நாளில் பாதியை நான் உங்கள் முன் மேடையில் கழித்தேன். ஏறிய போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டோடுதான் ஏறினேன். கொழும்பைக் குற்றம் சாட்டினேன். துப்பாக்கி ஏந்தியோரைக் குற்றம் சாட்டினேன். நிவாரணப் பொருளை நடுவழியில் நிறுத்திவைத்த அலுவலரைக் குற்றம் சாட்டினேன். இன்றும் என்னிடம் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. எங்கள் குடும்பத்து ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக, ஐம்பது கடந்த வயதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மாண்டிருக்கிறார்கள். அவர்கள் எதனால் மாண்டார்கள் என்பது அவர்களின் பிள்ளைகளுக்கு மறைக்கப்பட்டது. மறைத்தவன் நான்.

மகனே, இனி உன்னோடு பேசுகிறேன். ஊர் பக்கத்திலிருந்து கேட்கட்டும். தந்தை மகனுக்கு எழுதும் கடிதம் உறைக்குள் இருக்க வேண்டியது என்பதை நான் அறிவேன். ஆனால் நான் சொன்ன பொய் உறைக்குள் சொன்ன பொய் அன்று. கலியாணப் பேச்சில் சொன்னேன், பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னேன், ஒலிபெருக்கி வழியாகச் சொன்னேன். ஊர் கேட்கச் சொன்னதை ஊர் கேட்கவே திரும்பப் பெறுவதுதான் முறை. இன்னொரு காரணமும் உண்டு. தனியே சொன்னால் நீ சிரித்துத் தட்டிக்கழிக்கிறாய். சென்ற வெள்ளிக்கிழமை அதைத்தான் செய்தாய்.

அன்று ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கட்டாரிலிருந்து அழைத்து என் நெஞ்சின் நலம் கேட்டாய். நான் உன் நலம் கேட்டேன். "ஒண்டும் இல்ல வாப்பா. படி ஏறினா நெஞ்சுக்குள்ள ஒரு இறுக்கம் மாதிரி. நிண்டாப் போயிரும். கேஸ்தான். இஞ்சத்தச் சாப்பாடு அப்பிடி" என்றாய். மேடையில் ஒருநாளும் தடுமாறாத என் நாக்கு அப்போது தடுமாறிற்று.

"டொக்டரிட்டப் போ மகன்."

"லீவுல வந்து காட்டுறன் வாப்பா."

"லீவு எப்ப?"

"பெருநாளைக்குப் புறகு பாப்பம்."

"என்ட நெஞ்சு வருத்தம் என்னெண்டு ஒனக்குத் தெரியும்தானே. அது ஒனக்கும் வரலாம்."

நீ சிரித்தாய். "ஒங்கட வருத்தம் எனக்கு எப்பிடி வாப்பா வரும்? நான் உம்மாட குடியெல்லா? விருந்தாளி பழந்தான் கொண்டு வருவான் எண்டு நீங்கதானே சென்னீங்க." அந்தச் சிரிப்பின் நடுவே தீமூட்டி ஒன்று சொடுக்கும் ஒலி கேட்டது. பிறகு நீ புகையை உள்ளிழுக்கும் மூச்சு. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அருகில் இருந்த உன் உம்மா என் முகத்தைப் பார்த்தாள். "ஊரெல்லாம் தொண்டை கிழியக் கதைச்ச மனிசன், பெத்த புள்ளைட்ட ஒரு கத செல்ல ஏலாமப் போச்சு" என்றாள். அதற்கு மறுமொழியாகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த விருந்தாளிக் கதை எங்கே பிறந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். உன் தங்கைக்கு மணம் பேச வந்த நாளில் பிறந்தது. நீ விடுமுறையில் வந்திருந்தாய். வந்தவர்களுக்குக் குளிர்பானத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாய். கடல் பொங்குவதற்குச் சில மாதங்களுக்கு முந்திய நாள் அது. மாப்பிள்ளையின் உம்மா, இன்று உன் தங்கையின் மாமி, வெற்றிலையை மடித்தபடி மெல்லக் கேட்டார்: "மறுகா ஒரு கத கேக்கணும், குறை நினைக்கப்படாது. ஒங்கட வாப்பா வயல்ல விழுந்து மவுத்தானவராம். அவர்ர தம்பியும் அப்பிடியாம். பரம்பர வருத்தம் ஒண்டும் இல்லயே?"  எனக்கு மூத்தவரான என் காக்கா, உன் பெரியவாப்பா, என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். கலியாணப் பேச்சில் எழுந்து நின்று மறுமொழி சொன்ன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

நம் கரையோரத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாக இறங்குகிறது. என் குடி என் உம்மாவின் குடி; என் வாப்பாவின் குடி வேறு. உன் குடி உன் உம்மாவின் குடி. அதில் எனக்கு இடமில்லை. மணம் முடித்த ஆண் தன் பெட்டியோடு பெண்ணின் சீதன வீட்டுக்குப் போய்ச் சேருகிறான். பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் தலைவராக அமர்வதும் அந்தக் கணக்கிலேதான். அந்த வழக்கத்தைப் பிடித்துத்தான் நான் பேசினேன். "என்ட வாப்பா வேற குடி, நான் வேற குடி, என்ட மகள் வேற குடி. ஒரு குடியில உள்ள வருத்தம் மத்தக் குடிக்கு எப்பிடித் தாவும்? நாங்க ஆம்புளையள் இந்த வீடுகளுக்கு வாற விருந்தாளியள். விருந்தாளி வரக்குள்ள பழம் கொண்டு வருவான், வருத்தத்தக் கொண்டு வரமாட்டான்" என்றேன். கூடியிருந்தோர் சிரித்தார்கள். காக்கா எல்லாரிலும் உரக்கச் சிரித்துத் தொடையில் தட்டினார். கேட்ட பெண்மணியும் புன்னகைத்து வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். பேச்சு முற்றாயிற்று. நீ தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்ததையும் நான் பார்த்தேன். பிள்ளைகளுக்குத் தந்தையின் அறிவுரை மறந்துபோகிறது. தந்தை ஊரைச் சிரிக்கவைத்த சொல் மறப்பதில்லை.

அது பொய் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் இன்று இவ்வளவு நாணம் இராது. எனக்குத் தெரியும். அதற்கு முந்திய ஆண்டு என் குருதியழுத்தத்தை அளந்த மருத்துவர், "வாப்பாவும் சாச்சாவும் அப்பிடிப் போனவங்க எண்டா, ஒங்கட காக்காவையும் ஒருக்காக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். நான் கூட்டிப்போகவில்லை. காக்கா மரம் விற்கும் மரக்காலை நடத்தியவர்; தேக்கு மரத்தைத் தனியே புரட்டும் தோள் அவருக்கு. அவர் நெஞ்சுநோய்க்காரர் வரிசையில் நின்றால் அன்று மாலையே ஊரின் பாதி வீடுகளில் அது பேச்சாகும். அடுத்த கிழமை என் மகளின் கலியாணப் பேச்சில் வந்து உட்காரும். நம் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்கு முன்னால் நாம் கட்டுவது இந்த மறைப்பைத்தான். சுவர் எழும்புமுன்பே இது எழும்பிவிடுகிறது.

பிறகு அந்த மார்கழி ஞாயிறு வந்தது. அதை உனக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசி கிடைக்காமல் நீ அங்கே துடித்ததை நான் அறிவேன். உன் தங்கைக்கென்று கட்டிய வீட்டில் அத்திவாரம் மட்டும் எஞ்சியது. மணநாள் குறித்திருந்த பெண்ணுக்கு வீடு இல்லை. நாங்கள் சம்மாந்துறையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்தோம். மாப்பிள்ளை வீட்டாரும் கரையோரத்தவரே. அவர்களுக்கும் அதே மண்டபம், எங்களுக்கு அடுத்த பாய். சம்பந்திகள் இப்படி அருகருகே படுத்துறங்கிய கதை வேறு நாட்டில் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் சொல் மாறாமல் இருக்கிறார்களா என்பதை நான் நாள்தோறும் அவர்கள் முகத்தில் தேடினேன். வீடில்லாத பெண்ணை எடுப்பார்களா என்பதைத் தவிர என் தலைக்குள் வேறெதுவும் இருக்கவில்லை.

காக்கா அந்த நாள்களில் மண்டபத்தில் தங்கவே இல்லை. விடிந்தால் கரைக்குப் போவார். அவருடைய மரக்காலையின் தீராந்தி மரங்களே மிதந்துபோய் மனிதர்களை மோதியிருந்தன. அந்த மரங்களைத் தூக்கி அவற்றின் அடியில் கிடந்தவர்களை எடுத்தார். திரும்பி வரும்போது இடது கையை வலக்கையால் பிசைந்துகொண்டே வருவார். ஒருநாள் முற்பகல் மருத்துவக் குழு ஒன்று வந்தது. மருத்துவர் தென்பகுதியைச் சேர்ந்த இளைஞர், சிங்களம் பேசுபவர், நல்ல மனம் உடையவர். மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. நான் போய் நின்றேன்.

காக்கா பாயில் உட்கார்ந்திருந்தார். "கை கடுக்குது. நெஞ்சுக்குள்ள ஆரோ மரம் ஏத்தின மாதிரி. வேர்க்குது" என்றார். நான் சொன்னேன். மருத்துவர் தலையசைத்துவிட்டு, குடும்பத்தில் எவருக்கும் நெஞ்சுநோய் உண்டா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் காக்காவிடம் கேட்டேன். காக்கா குரலைத் தாழ்த்தி, "வாப்பாக்கும் இப்பிடித்தான் வந்த எண்டு செல்லு. சாச்சாவையும் செல்லு" என்றார். அடுத்த பாயில் சம்பந்தி அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை. நான் மருத்துவர் பக்கம் திரும்பி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "குடும்பத்தில் அப்படி ஒன்றும் இல்லை, மரம் தூக்கியவர், இறந்தவர்களைத் தூக்கியவர், அந்த நோவுதான்" என்றேன். நான் நீட்டி முழக்கியதைக் கேட்டு அந்த நோவிலும் காக்கா கிண்டல் செய்தார்: "எங்கட புலவர் சிங்களத்துலயும் மேடை போட்டுட்டார்." மருத்துவர் வலிக்குளிசையும் பூச்சுமருந்தும் கொடுத்தார். வரிசையில் இன்னும் பலர் இருந்தார்கள். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அவர் சரியான கேள்வியைக் கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் வண்டி வந்திருக்கும், நான்கு பேர் தூக்கியிருப்பார்கள், மண்டபம் முழுவதும் எழுந்து நின்று என்ன வருத்தம் என்று கேட்டிருக்கும். அதைத்தான் அஞ்சினேன். அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் தேநீர் வரிசையில் குவளையோடு நின்ற காக்கா, முன்னால் நின்றவரின் தோளைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். நான் ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்தபோது கண் திறந்தே இருந்தது. தேநீர் என் சாரனில் ஊறியது. சூடாக இருந்தது.

அடக்கத்தில் நான் பேசினேன். பேசாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. "கடல் தன் கரையில் இவரைக் காணவில்லை, ஆகையால் தரையேறித் தேடிவந்து கொண்டுபோயிற்று" என்றேன். ஊர் அழுதது. நீரில் மூழ்கி மாண்டவர் ஷஹீதுகள் என்னும் தியாகிகளின் பதவி பெறுவார் என்பது நம் நம்பிக்கை. அந்தப் பதவியை நான் என் காக்காவுக்கு ஒரு சொற்றொடரால் வழங்கிவிட்டேன். பின்னர் பள்ளிவாசல் முற்றத்தில் கடல்கொண்டோர் பெயர்களைக் கல்லில் பொறித்தபோது அவர் பெயரையும் நானே கொடுத்தேன். நீ அடுத்த விடுமுறையில் வந்து அந்தக் கல்லின்முன் நின்று அழுதாய். இறைவன் தன் கருணையால் அவருக்கு எந்தப் பதவியும் அருளலாம். அது அவன் உரிமை. ஆனால் உன் கண்ணீரை நான் தவறான கல்லின்முன் சிந்தவைத்தேன். உன் பெரியவாப்பாவைக் கடல் கொண்டுபோகவில்லை, மகனே. அவர் உலர்ந்த தரையில், மருத்துவர் பார்த்துச் சென்ற அதே நாளில், தம்பியின் நாவால் மாண்டார்.

நான்கரை ஆண்டுகள் கழிந்தன. உன் தங்கை மணமுடித்தாள். இந்த வைகாசியில் போர் முடிந்தது. அமைதிக்கு நன்றி சொல்லும் கூட்டம் என்று என்னை அழைத்தார்கள். பக்கத்துத் தமிழ் ஊர்களான பாண்டிருப்பிலும் காரைதீவிலும் எத்தனை வீடுகளில் வன்னியில் காணாமற்போன உறவை எண்ணி உலை வைக்காமல் இருந்தார்களோ, அதை ஒரு கணமும் எண்ணாமல் மேடையேறினேன். அதுவும் என் நாணத்தில் ஒரு பங்கு. பேச்சின் நடுவில் தாடையில் ஒரு கடுப்பு எழுந்தது. கை மரத்தது. வாக்கியம் பாதியில் நின்றது. என் நிறுத்தத்தை அழகான நிறுத்தம் என்று எண்ணி மக்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள்தான் நான் விழுந்தேன்.

கண் விழித்த மருத்துவமனையில் என் கட்டிலருகே நின்றவர் திருக்கோவில் ஊர்ப் பக்கத்துப் பெண், இதயநோய் மருத்துவர், உன்னிலும் வயது குறைந்தவர். "ஐயா, குடும்பத்தில ஆருக்கும் நெஞ்சு வருத்தம் இருக்கா?" என்று கேட்டார். மீண்டும் அதே கேள்வி. "எங்கள் குடும்பத்தின் வரலாற்றை நோக்குமிடத்து," என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"இது மேடை இல்ல ஐயா. ஓமா, இல்லையா?"

"ஓம்."

"ஆராருக்கு?"

"வாப்பாக்கு. சாச்சாக்கு. என்ட காக்காக்கு."

"அண்ணன் எப்ப மோசம் போனவர்?"

"கடல் வந்ததுக்கு அடுத்த கிழமை."

"கடலிலயா?"

 "இல்ல மகள். தேத்தண்ணி வரிசையில" என்றேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அடுத்த நாள்களில் அவர் எனக்கு விளக்கியதை, ஓர் ஆசிரியனாக இருந்தவன் என்ற உரிமையில், உனக்கு அடுக்கிச் சொல்கிறேன். காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது. அதற்கு அழற்சி என்று பெயர். அது உடலின் காவற்படை. கிருமியைக் கொல்லவும் காயத்தை ஆற்றவும் வருகிறது. வேலை முடிந்ததும் கலைந்துபோக வேண்டும். அதே அழற்சி இதயத்துக்குக் குருதி கொண்டுபோகும் நாடிகளின் சுவருக்குள்ளும் நடக்கிறது. அங்கே கொழுப்புப் படிந்த இடங்களைச் சுற்றி அது கனன்றுகொண்டிருந்தால் படிவு தளர்ந்து ஒருநாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் குருதி உறைந்து வழியை அடைக்கிறது. கொழுப்பு மட்டும் குழாயில் படிந்து அடைப்பதாக நாம் எண்ணியிருந்தோம். பாதிக் கதையை அந்தக் கனல் நடத்துகிறது. அந்தப் படையை எழுப்பும் சொல்லும் அடக்கும் சொல்லும் நம் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆளுக்காள் அந்த எழுத்தில் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. சிலருக்குப் படை எளிதில் எழுகிறது. சிலருக்குக் கலைவதற்குப் பிந்துகிறது. மருத்துவர் இதை எனக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "சண்டை முடிஞ்சிட்டு ஐயா, ஆனா ரோட்டுல செக்பொயின்ட் இன்னும் எடுக்கல்ல, உங்கட நாடிக்குள்ளயும் அதுதான் நடக்குது." என் வாழ்நாளில் நான் மேடையில் சொன்ன உவமைகளில் இதற்கு ஈடு ஒன்றும் இல்லை.

"குடி தாய்வழியாகத்தானே இறங்கும்?" என்று நான் கேட்டேன். மானத்தோடு கேட்ட கடைசிக் கேள்வி அது. "குடி ஒரு பக்கத்தால வரும் ஐயா. மரபணு ரெண்டு பக்கத்தாலயும் பாதி பாதி. உங்கட மகனிட உடம்பில பாதி நீங்க. மகளிட உடம்பிலயும் பாதி நீங்க. அதுக்குச் சீதன வீடு தெரியாது" என்றார். அப்படியானால் அந்த மரபணுவைச் சோதித்துப் பார்த்துவிடலாமே என்றேன். "அது ஒண்டு இல்ல ஐயா, கனக்க. ஒவ்வொண்டும் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். இன்னும் ஆராய்ஞ்சுகொண்டுதான் இருக்காங்க. அந்த வேறுபாடு இருக்கிற எல்லாருக்கும் வருத்தம் வாறதும் இல்ல. இல்லாத ஆக்கள் தப்பிறதும் இல்ல. இப்பைக்கு என்ட கையில இருக்கிற நல்ல சோதனை, குடும்பத்தில ஆர், எத்தின வயசில, எப்பிடிப் போனவங்க எண்ட கதைதான். அத மறைச்சா நான் கண்ணக் கட்டிப்போட்டு வைத்தியம் பாக்கிற மாதிரி" என்றார்.

கதை சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்தேன், மகனே. சொல்ல வேண்டிய ஒரே கதையைச் சொல்லவில்லை.

விதி என்று எண்ணி நீ சோர்ந்துவிடக் கூடாது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். பிறப்பிலே கனல் சற்று மிகுந்திருக்கலாம். அதில் எண்ணெய் ஊற்றுவதும் ஊற்றாமல் விடுவதும் நம் கையில் இருக்கின்றன. சிகரெட்டு எண்ணெய். உயர்ந்த குருதியழுத்தம் எண்ணெய். கவனிக்காத சர்க்கரையும் கொழுப்பும் எண்ணெய். அழுத்தத்தை அளக்கலாம், குருதியெடுத்துக் கொழுப்பையும் சர்க்கரையையும் பார்க்கலாம், உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சோதனையும் உண்டு, நெஞ்சின் மின்வரைவும் உண்டு. தேவையானால் குளிசை உண்டு. காக்காவின் காலத்திலும் இவற்றில் பெரும்பாலானவை இருந்தன. அவருக்கும் இவற்றுக்கும் நடுவில் நின்றவன் நான்.

இக்கடிதத்தை வெளியிடுமுன் உன் தங்கையிடம் இசைவு கேட்கப் போனேன். அவள் வாழ்கிற வீட்டில் அவள் மாமியும் இருந்தார். சொல்லித் தீர வேண்டும் என்று இருவருக்கும் முன்னால் சொன்னேன்: கலியாணப் பேச்சில் நீங்கள் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன், பாடசாலை மண்டபத்தில் மருத்துவரிடமும் பொய் சொன்னேன் என்றேன். உன் தங்கை அழுதாள். மாமி அழவில்லை. சுளகை ஒருபக்கம் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"சம்பந்தி, அது எனக்குத் தெரியாதா? அடுத்த பாயில இரிந்தவள் நான். ஒங்கட காக்கா வாப்பாவச் செல்லு, சாச்சாவச் செல்லு எண்டத என்ட ரெண்டு காதாலயும் கேட்டன். நீங்க டொக்டரிட்ட செல்லிட்டீங்க எண்டுதான் நான் நினைச்ச. எனக்குச் சிங்களம் தெரியாதே."

நான் தலை குனிந்தேன்.

"கேட்டும் புள்ளைய எடுத்தீங்களே" என்றேன்.

"வீடு கடலோட போன புள்ளைய எடுத்த நாங்க, நெஞ்சு வருத்தத்துக்கா உட்டுட்டுப் போவம்? நீங்க எங்களப் பத்தி என்ன நினைச்சிரிந்தீங்க?"

மகனே, இவ்வளவுதான் செய்தி. எவரிடமிருந்து மறைத்தேனோ அவருக்குத் தெரிந்திருந்தது. எவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமோ அவரிடம் மறைத்தேன். என் மகளின் மணம் என் பொய்யால் நிற்கவில்லை. அந்தப் பெண்மணியின் நற்குணத்தால் நின்றது. காக்கா ஒன்றுக்கும் பயனில்லாமல் போனார். இதைவிடக் கனமான ஒன்றை நான் என்றும் சுமந்ததில்லை. இறக்கிவைக்கும் உரிமையும் எனக்கு இல்லை. கல்லிலுள்ள பெயரை எடுத்துவிடச் சொல்லிப் பள்ளிவாசல் நிருவாகத்தாரிடம் போனேன். கல்லை உடைக்க வேண்டாம், பெயர் இருக்கட்டும், பார்ப்பவர் கேட்கும் துஆவுக்கு ஆகும் என்றார்கள். ஆகவே கல்லில் எழுதியதை இங்கே திருத்துகிறேன்.

ஊரவரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றிரவுச் சோற்றுக்கு முன்னால் உங்கள் பிள்ளைகளை அமரவைத்து, அவர்களின் இரு பக்கத்திலும் யார் யார் நெஞ்சுநோயால் போனார்கள் என்று பெயர் சொல்லுங்கள். வெயில் என்றும் வேதனை என்றும் கண்ணூறு என்றும் சொல்லி மூடியவற்றைத் திறவுங்கள். கலியாணப் பேச்சில் எவரேனும் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் நீங்கள் அஞ்சுவதைவிட நல்லவர்களாக இருக்கலாம்.

மகனே, உனக்கு முப்பத்தேழு வயது. படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் விடுகிறது. அது சாப்பாடு அன்று என்று இங்குள்ள மருத்துவர் சொல்கிறார். பெருநாளைக்குப் பின் என்ற பேச்சு வேண்டாம். நாளை என்ற பேச்சும் வேண்டாம். உன் அறையில் தங்கியிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் மூவருக்கும் இக்கடிதத்தின் படியை அனுப்பியிருக்கிறேன். நீ இதைப் படித்து முடிக்கும்போது அவர்கள் உன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சட்டைப் பையிலுள்ள சிகரெட்டுப் பெட்டியை அவர்களிடம் கொடு. அவர்களோடு மருத்துவமனைக்குப் போ. குடும்பத்தில் எவருக்கும் நெஞ்சுநோய் உண்டா என்று மருத்துவர் கேட்பார். "ஓம்" என்று சொல். மூத்தாப்பா வயலில் விழுந்தார், அவர் தம்பியும் அப்படியே போனார், பெரியவாப்பா தேநீர் வரிசையில் விழுந்தார், வாப்பா மேடையில் விழுந்தார், என் உடம்பில் பாதி அவர் என்று சொல். எவரையும் மொழிபெயர்க்க விடாதே, உன் வாயாலேயே சொல். பிறகு சட்டைக் கையை மடித்துக் குருதி கொடு.

எழுந்திரு மகன். செருப்பைப் போடு. போ.